ஆலைத் தொழிலாளர் திறந்த பாதைகள்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி, குத்தகை, நிலம் ஆகியவற்றைப் பற்றி இந்த வகுப்புகளில் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பாதை. மனிதன் நடக்கிற பாதை. சைக்கிளும் குதிரையும், கால் ஊனமுற்றவரின் சக்கர நாற்காலியும் சேர்ந்து போகிற பாதை. "பாதையில் என்ன வர்க்கப் போராட்டம் இருக்கிறது?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, நம்மைப் போன்ற பஞ்சாலைத் தொழிலாளிகள் ஒரு மலைநாட்டின் பாதைகளையே திறந்துவிட்ட வரலாற்றைச் சொல்கிறோம்.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அசல் மான்செஸ்டரின் முதலாளிகளைப் பற்றியும் அவர்கள் கட்டிய ஆலைகளைப் பற்றியும் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்துவிடுகிறோம். அங்கே நூல் நூற்றவர்களும் தறி ஓட்டியவர்களும் என்ன செய்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மலையை வளைத்தவர்கள்

இங்கிலாந்தின் நடுவில், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே, பீக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. மேற்கே பஞ்சாலை நகரம். கிழக்கே எஃகு நகரம். அந்த மலைகளில் உயரமானது கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். நமது நீலகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒரு குன்றுதான். ஆனால் வாரம் முழுவதும் பஞ்சுத் தூசியையும் கரிப்புகையையும் சுவாசித்தவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஏறி நின்று நல்ல காற்று வாங்க அந்தக் குன்றே சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்துக்கு வேலி போட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கிராமங்களில் ஊர்ப் பொது நிலம் ஏராளமாக இருந்தது. ஏழைகள் அங்கே ஆடுமாடு மேய்த்தார்கள், அடுப்புக்கு எரிபொருள் எடுத்தார்கள், குறுக்கே நடந்து அடுத்த ஊருக்குப் போனார்கள். நிலப்பிரபுக்கள் நிறைந்திருந்த பார்லிமெண்டு, 1604 முதல் 1914 வரை, 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கரைத் தனியார் கைக்கு மாற்றியது. ஏழை ஒரு கோழியைத் திருடினால் ஜெயில். பிரபு ஊரின் நிலத்தையே திருடினால் அதற்குப் பெயர் சட்டம்!

வளைத்த மலையில் என்ன பயிரிட்டார்கள்? ஒன்றும் இல்லை. கிரௌஸ் என்று ஒரு பறவை. நம் ஊர்க் கவுதாரி மாதிரி. அதைச் சுட்டு விளையாடுவதற்காக மலையைப் பூட்டி வைத்தார்கள். ஆகஸ்டு 12-ந் தேதி வேட்டை துவங்கும். கனவான்கள் வந்து சில நாள் சுட்டுவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் பறவைகள் நிம்மதியாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தடிக் கம்போடு காவல்காரர்கள் நின்று மனிதர்களை விரட்டுவார்கள்.

கதவை உடைத்த பத்தாயிரம் பேர்

ஒரு பெரிய அடி போல்டன் நகரத்தில் விழுந்தது. அதுவும் பஞ்சாலை நகரம்தான். அங்கே கர்னல் எயின்ஸ்வர்த் என்பவர் துணி வெளுக்கும் பிளீச்சிங் ஆலைக்குச் சொந்தக்காரர், அத்துடன் நிலப்பிரபு. வின்டர் ஹில் என்ற குன்றுக்கு ஊர்மக்கள் காலம் காலமாக நடந்த பாதையில் அவர் கதவு போட்டுப் பூட்டினார். 1896 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 10,000 பேர் ஊர்வலமாகப் போய்க் கதவை உடைத்துக்கொண்டு மலை ஏறினார்கள். முன்னின்று அழைத்தவர்களில் சோஷலிஸ்டுகள் முக்கியமானவர்கள். ஆலைக்குள் நம் உழைப்பை எடுத்துக்கொள்கிறவனே வெளியே நம் வழியையும் அடைக்கிறான் என்பதை அந்த ஊர்த் தொழிலாளிகளுக்கு யாரும் வகுப்பு எடுத்து விளக்கவேண்டியிருக்கவில்லை.

கர்னல் கோர்ட்டுக்குப் போனார். 1897-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. போராட்டத் தலைவர்கள் தலையில் வழக்குச் செலவு விழுந்தது. அந்தப் பாதை சட்டப்படி பொதுப் பாதையானது எப்போது தெரியுமா? 1996-ல். சரியாக நூறு வருடம்! கூட்டம் சேர்ந்து ஒருநாள் கதவை உடைத்துவிடலாம். பாதையை நிலைநிறுத்த அது போதாது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1932: கிண்டர் ஸ்கவுட்

1932-ல் பிரிட்டனில் சுமார் 30 லட்சம் பேர் வேலையில்லாமல் தவித்தார்கள். மான்செஸ்டர் வாலிபர்களிடம் காசு இல்லை, கால் இருந்தது. ஞாயிறுதோறும் கூட்டம் கூட்டமாக மலைக்கு நடந்தார்கள். காவல்காரர்கள் விரட்டினார்கள்.

அப்போது பென்னி ராத்மன் என்ற 20 வயது வாலிபர், பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தின் லங்காஷயர் பகுதிச் செயலாளராக இருந்தார். வேலையிழந்த மோட்டார் மெக்கானிக்; வாலிபர் கம்யூனிஸ்டு லீக்கின் உறுப்பினர். அவரும் தோழர்களும் யோசித்தார்கள். நாலு பேர் போனால் விரட்டுகிறான். நானூறு பேர் போனால் என்ன செய்வான்? நாள் குறித்து, பகிரங்கமாக அறிவித்து, எல்லோரும் சேர்ந்து போவது என்று முடிவு செய்தார்கள்.

ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் ராத்மனை மடக்கத் தடை உத்தரவோடு காத்திருந்தார்கள். அவரோ சைக்கிளை மிதித்துக்கொண்டு ஹேஃபீல்டு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்! அங்கே ஒரு கல்குவாரியில் சுமார் 400 பேர் கூடினார்கள். அந்தக் கல் மேடையில் நின்று ராத்மன் பேசினார். பிறகு மலை ஏறினார்கள். தடிகளோடு காவல்காரர்கள் மறித்தார்கள், கைகலப்பு நடந்தது, காவல்காரர் ஒருவருக்குக் காயம்பட்டது. ஊர்வலம் நிற்கவில்லை. மேலே, ஷெஃபீல்டு பக்கமிருந்து ஏறிவந்த தோழர்களைச் சந்தித்துக் கை குலுக்கினார்கள். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள்.

கீழே போலீஸ் காத்திருந்தது. ஆறு பேரைப் பிடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அயலான் நிலத்தில் கால் வைப்பது அன்றைய ஆங்கிலச் சட்டப்படி ஜெயிலுக்கு அனுப்பத்தக்க குற்றமே இல்லை. சிவில் வழக்குதான் போடமுடியும். ஆகையால் கலகம் செய்யக் கூடினார்கள் என்று வழக்குப் புனைந்தார்கள். ஜூலையில் டெர்பி நகரக் கோர்ட்டில் ராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் ஜூரிகளாக உட்கார்ந்தார்கள். ஐந்து வாலிபர்களுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நாலு மாதம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய நடைச் சங்கங்களின் தலைவர்கள் இந்தப் போராட்டத்தை ஆதரிக்கவில்லை. பிரபுக்களோடு பேசிப் பேசியே அனுமதி வாங்கிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். மலைக்குப் போகும் உரிமைக்கான மசோதா பார்லிமெண்டில் முதன்முதல் வந்தது 1884-ல். ஐம்பது வருடம் நெருங்கியும் பேச்சு பேச்சாகவே இருந்தது. வாலிபர்களைச் சிறையில் தள்ளியதும் நிலைமை மாறியது. அதே கோடையில் வின்னட்ஸ் பாஸ் என்ற கணவாயில் சுமார் 10,000 பேர் திரண்டார்கள். போராட்டத்தை ஆதரித்தவர்களும் ஆதரிக்காதவர்களும் ஒரே கோரிக்கையின் கீழ் நின்றார்கள். ஐக்கியம் இப்படித்தான் உருவாகிறது.

படத்தில் ஏறியது பாதை

யுத்தம் முடிந்து வந்த தொழிற்கட்சி சர்க்கார் 1949-ல் தேசியப் பூங்காக்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டிய விஷயம் பூங்கா அல்ல, வரைபடம்.

ஒவ்வொரு கவுண்டி, அதாவது ஜில்லா, கவுன்சிலும் தன் எல்லைக்குள் உள்ள பொதுப் பாதைகளை எல்லாம் கணக்கெடுத்துப் படத்தில் குறிக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிட்டது. கிராமம் கிராமமாகப் பாரிஷ் கவுன்சில்கள் மூலம் கணக்கெடுப்பு நடந்தது. அந்தப் படத்தில் ஒரு கோடு ஏறிவிட்டால் அதுவே சட்டத்தின் கடைசிச் சாட்சி. அதன் பிறகு பண்ணையார் "என் தாத்தா காலத்தில் பாதை இல்லை" என்று சொல்லமுடியாது. இப்படிப் பதிவான பாதைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல்.

யார் யார் எதில் போகலாம் என்பதற்கும் முறை வைத்தார்கள். நடைபாதையில் நடக்கிறவர் மட்டும். குதிரைப் பாதையில் நடக்கிறவரும் குதிரைக்காரரும். 1968-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு சைக்கிள்காரரும். ஆனால் சைக்கிள்காரர் மற்ற இருவருக்கும் வழிவிடவேண்டும் என்று அதே சட்டம் சொல்லிற்று. வேகமாகப் போகிறவன் மெதுவாகப் போகிறவனுக்கு ஒதுங்கவேண்டும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் பாதைக்கு இதைவிட நல்ல விதி கிடையாது.

துண்டு துண்டான பாதைகளை நெடுக இணைக்கவேண்டும் என்ற யோசனையும் ஒரு தொழிலாளியின் யோசனைதான். டாம் ஸ்டீஃபன்சன் 13 வயதில் லங்காஷயரின் ஒரு துணி அச்சு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்; முதல் உலகயுத்தத்தில் துப்பாக்கி தூக்க மறுத்துச் சிறை சென்றவர். பின்னாளில் பத்திரிகைக்காரரானார். 1935-ல், இங்கிலாந்தின் முதுகெலும்பு போன்ற பென்னைன் மலைத்தொடர் நெடுகிலும் ஒரே பாதை வேண்டும் என்று டெய்லி ஹெரால்டு பத்திரிகையில் எழுதினார். ஒவ்வொரு பண்ணையாக, ஒவ்வொரு காவுகமாகப் பேசி, வழக்காடி, இணைத்து முடிக்க 30 வருடம் ஆயிற்று. 268 மைல் நீளமுள்ள பென்னைன் வழி 1965 ஏப்ரல் 24-ல் திறக்கப்பட்டது. கிண்டர் போராட்டம் நடந்த அதே தேதி!

தண்டவாளம் போனது, தடம் நின்றது

1960-களில் பிரிட்டிஷ் சர்க்கார் லாபமில்லை என்று சொல்லி ஏராளமான ரயில் பாதைகளை மூடியது. தொழிலாளிக்கும் சிறு ஊர்களுக்கும் இது பெரிய அடி. மூடியது சரி என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். ஆனால் மூடியபின் அந்த நிலத்தை என்ன செய்வது? துண்டு போட்டு விற்றிருந்தால் ஒரு துண்டில் வீடு, ஒரு துண்டில் மாட்டுக்கொட்டகை என்று எல்லாம் மறைந்திருக்கும். பீக் டிஸ்ட்ரிக்டில் பூங்கா நிர்வாகமும் ஜில்லா கவுன்சிலும் சில வழிகளை முழுசாக வாங்கின. தண்டவாளம் அகற்றிய தடத்தில் சரளை பரப்பி அழுத்தினார்கள். நீர் வடிய வழி செய்தார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது அல்லவா? ஆகவே பெரும்பகுதி தூரம் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நடக்கிறவர், சைக்கிள், குதிரை, சக்கர நாற்காலி, குழந்தையைத் தள்ளிவரும் தாய் எல்லோருக்கும் ஒரே பாதை.

13 மைல் டிஸ்ஸிங்டன் தடம் 1971-ல் திறந்தது. 17 மைல் ஹை பீக் தடம் பார்ஸ்லி ஹே என்ற இடத்தில் அதோடு சேர்கிறது. ஹை பீக் தடத்தின் ஒரு முனை குரோம்ஃபோர்டு. அங்கேதான் ஆர்க்ரைட் 1771-ல் நீர்ச் சக்தியில் ஓடும் பஞ்சு நூற்பாலையைத் துவக்கினார். உலகத்தின் நூற்பாலைகளுக்கெல்லாம் அதுவே மூதாதை. 205 மைல் பென்னைன் குதிரைப் பாதையும் அந்தத் தடத்திலிருந்துதான் வடக்கே புறப்படுகிறது.

மூன்றாவது, மான்சால் தடம், எட்டரை மைல். அது லிட்டன் ஆலை என்ற இடத்தை ஒட்டிப் போகிறது. அனாதைக் குழந்தைகளை லண்டனிலிருந்து கொண்டுவந்து வதைத்த ஆலை அது. ராபர்ட் பிளின்கோ என்பவர் அங்கே சிறுவனாக அனுபவித்த கொடுமைகளை, நூற்புத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் டோஹர்ட்டி 1832-ல் புத்தகமாகப் போட்டார். இன்று அந்த ஆலைக்கு மேலே தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகளோடு சைக்கிளில் போகின்றன.

மான்சால் தடம் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. 1981-ல் அதைத் திறந்தபோது வழியிலிருந்த நாலு பெரிய ரயில் குகைகளைத் திறக்கவில்லை. ஆபத்து என்று அடைத்தே வைத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர்தான். ஆனால் அந்த நாலு அடைப்பினால் முழுத் தடமும் துண்டுபட்டது. நல்ல கால் உள்ளவர் சுற்றிக்கொண்டு மலையில் ஏறி இறங்கினார். சைக்கிளும் சக்கர நாற்காலியும் என்ன செய்யும்? 30 வருடம் கழித்து, 2011-ல், குகைகளைச் செப்பனிட்டு விளக்குப் போட்டுத் திறந்த பிறகுதான் அது எல்லோருக்குமான பாதையாயிற்று.

தோழர்களே, பாதையின் உயிர் அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. பத்து மைல் பாதையில் நூறு அடி ஒருவன் கைக்குப் போனால் பத்து மைலும் போனது. ஆகவேதான் பாதையைத் தனித்தனி மனிதர் காப்பாற்றமுடியாது. ஊரும் ஸ்தாபனமும் சேர்ந்துதான் காப்பாற்றமுடியும்.

ஆலைத் தரையின் கல்

கிண்டர் மலையின் மேற்பரப்பு கரிமண் சேறு. லட்சக்கணக்கான கால்கள் நடந்து நடந்து, பென்னைன் வழியே சில இடங்களில் சதுப்பாக மாறிவிட்டது. ஒருவர் சேற்றை விட்டு விலகி நடக்க, பாதை அகன்று அகன்று மலையே புண்ணாயிற்று. அதைச் சரிசெய்யக் கல் பாவினார்கள். கல் எங்கிருந்து வந்தது? லங்காஷயரில் மூடி இடித்த பஞ்சாலைகளின் தரையிலிருந்து! அந்தப் பலகைக் கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் மலைமேல் இறக்கி வரிசையாகப் பதித்தார்கள். இயந்திரத்தைத் திருகி வைத்த துளைகளை இன்றும் சில கற்களில் காணலாம்.

எந்தத் தரையில் தொழிலாளி வெறுங்காலோடு நின்று இயந்திரத்துக்கு ஊழியம் செய்தானோ, அந்தத் தரையின் மேல் அவன் பேரப்பிள்ளைகள் மலை ஏறிப் போகிறார்கள். மூடிக்கிடக்கும் ஆலைகளைப் பார்த்த நமக்கு இந்தச் செய்தியில் துக்கமும் உண்டு, பெருமையும் உண்டு.

வேலை முடியவில்லை

2000-ல் வந்த சட்டம், மலைகளிலும் புதர்வெளிகளிலும் பதிவான பொது நிலங்களிலும் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. 2004-லிருந்து அது பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்தது. அது நடைமுறைக்கு வந்ததைப் பார்க்கப் பென்னி ராத்மன் இருக்கவில்லை. 2002 ஜனவரியில், 90 வயதில் காலமானார். அதே வருடம் கிண்டர் போராட்டத்தின் 70-வது ஆண்டு விழாவில் டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தம் பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அந்த வார்த்தையைக் கேட்க ராத்மன் இல்லை.

ஆனால் இந்தச் சட்டத்தால் திறந்தது இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதம் மட்டுமே. அதே சட்டம் ஒரு கெடுவும் வைத்தது: 1949-க்கு முந்திய பழைய பாதைகளை 2026-க்குள் படத்தில் ஏற்றாவிட்டால் உரிமை போய்விடும்! நடைச் சங்கத்தின் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து பழைய படங்களையும் புதிய படங்களையும் சதுரம் சதுரமாக ஒப்பிட்டார்கள். 2020-ல் முடிந்த அந்த வேலையில், விடுபட்டிருக்கக்கூடிய பாதை 49,000 மைல் என்று கண்டுபிடித்தார்கள். இந்த நிர்ப்பந்தத்தால் 2023-ல் கெடு 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப்போவதாகச் சர்க்கார் அறிவித்தது. படத்தோடும் பென்சிலோடும் உட்கார்ந்ததும் போராட்டம்தான்.

நமக்கு என்ன?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நடந்ததை நாம் மறக்கவில்லை. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஆதிக்க ஜாதிக்காரரின் நிலம் குறுக்கிட்டதால், தலித் மக்கள் இறந்தவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை ஹைக்கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மான்செஸ்டர் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமைக் காற்று மறுக்கப்பட்டது. இங்கே செத்தவனுக்குக் கடைசி வழியே மறுக்கப்படுகிறது. அங்கே பணத்திமிர், இங்கே பணத்திமிரோடு ஜாதித் திமிரும் சேர்ந்து வழியை அடைக்கிறது.

ஆகவே ஒரு வேலையோடு இந்த உரையை முடிக்கிறோம். நமது ரெவின்யூ கிராம வரைபடத்தில் வண்டிப்பாதைக்கும் நடைபாதைக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. அ-பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு என்று பதிவான நிலம் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. இரண்டுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள்; இழுத்தடித்தால் 2005-ம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு கொடுங்கள். படத்தை எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போகாதீர்கள். கிளை முழுவதும், ஊர்ப் பெரியவர்களையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு, எல்லைக்கல் எல்லைக்கல்லாக நடந்து பாருங்கள். எங்கே உழுது சேர்த்துக்கொண்டார்கள், எங்கே கம்பிவேலி வந்தது என்று குறியுங்கள். வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆலைக்கும் சுடுகாட்டுக்கும் போகும் வழிகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா, எந்த நூறு அடியில் அறுந்து கிடக்கின்றன என்று பாருங்கள். படத்தில் இல்லாத மாமூல் வழிகளை, நடந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியாக எழுதி வாங்குங்கள். அந்தக் குறிப்போடு தாலுகா ஆபீஸ் முன்னால் எல்லோரும் போய் நிற்போம்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் கிராமப் படத்தைக் கொண்டுவரட்டும். பேச்சை அங்கிருந்து தொடர்வோம்.